அழுத்து, விடு, விடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிரசவ அறையில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையைச் சோதிக்காமல் வைத்தால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

வீட்டில் மட்டும் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. காரணம் குண்டன். அவன் பயிற்சிக்கான ரப்பர் பொம்மை. முகமூடியைச் சரியாகப் பொருத்திப் பையை அழுத்தினால் அவன் மார்பு எழும்பும். பிடி தப்பினால் காற்றெல்லாம் புஸ்ஸென்று போய்விடும். கை மறக்கக் கூடாதென்று வாரம் ஒருமுறை அவனை வீட்டுக்குத் தூக்கி வந்து, சாப்பாட்டு மேசையில் கிடத்தி, வாய்விட்டுச் சொல்லியபடி பழகுவேன். "அழுத்து... விடு, விடு. அழுத்து... விடு, விடு." சொல்வதை நிறுத்தினால் என் கை தறிகெட்டு ஓடும்.

பிரசவத்துக்காக எங்களோடு தங்கியிருந்த நாத்தனாருக்கு இது போதாதா? வயிற்றைத் தாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அச்சு அசல் என் குரலிலேயே பழிப்புக் காட்டுவாள்.

"அண்ணி, நாலு வருஷமாச்சு. குண்டன் ஒரு தடவகூட அழல. ராசியில்லாத கை போல!"

"வாயை மூடிக்கிட்டுப் பாலைக் குடிடி" என்பேன்.

அவளுக்கு வலி எடுத்த அன்று எனக்குக் காலை டூட்டி. "சொந்தக்காரங்க கிட்ட இருந்தா கை நடுங்கும், நீ வெளிய நில்லு" என்றுதான் டாக்டரம்மா முதலில் சொன்னார். ஆனால் குழந்தை டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இரட்டைக் குழந்தைகளோடு மாட்டிக்கொண்டார். "சரி, நீயே வா" என்றார் டாக்டரம்மா.

பதினொரு மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். உடம்பு நீலம், துவண்டு கிடந்தாள், சத்தமே இல்லை. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம். ம்ஹூம். தொப்புள்கொடியை வெட்டி, சூடேற்றிய மேசைக்குக் கொண்டு வந்து, முகமூடியை வைத்துப் பையை அழுத்தினேன். மார்பு எழும்பவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்து மறுபடியும் அழுத்தினேன். அப்போதும் எழும்பவில்லை. வழக்கமாகச் சொல்லும் "அழுத்து, விடு" கூட வாயில் வரவில்லை.

"அண்ணி, ஏன் பேசாம இருக்கீங்க?" கட்டிலிலிருந்து நாத்தனாரின் குரல் உடைந்தது.

அவளே ஆரம்பித்தாள். "அழுத்து... விடு, விடு. சொல்லுங்க அண்ணி! குண்டனுக்குச் சொல்வீங்கல்ல, என் புள்ளைக்குச் சொல்ல மாட்டீங்களா?"

குண்டன் என்றதும் பளிச்சென்று தெரிந்தது. அவனுக்கு நான் இப்படித் துண்டு வைத்ததே இல்லையே! எங்கள் வீட்டுக் குழந்தையாயிற்றே, மெத்தென்று இருக்கட்டும் என்று தோளுக்கடியில் துண்டை நான்காக மடித்து வைத்திருந்தேன். தலை பின்னால் தொங்கி, கழுத்து வளைந்து, மூச்சுக்குழல் அடைபட்டுக் கிடந்தது. இதையே வேறொருத்தி செய்திருந்தால் அவளை உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பேன்.

துண்டை உருவி, ஒரே மடிப்பாக வைத்தேன். தலையை நேராக்கி முகமூடியைப் பொருத்தினேன்.

"அழுத்து" என்றேன். அந்தச் சின்ன மார்பு எழும்பியது.

"விடு, விடு" என்றாள் நாத்தனார்.

"துடிப்பு ஏறுது அக்கா!" ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் கத்தினாள். அப்புறம் அவளும் சேர்ந்துகொண்டாள். டாக்டரம்மாவும் சேர்ந்தார். அறையே சொன்னது. முப்பதா நாற்பதா, எத்தனை மூச்சு கொடுத்தேனோ தெரியாது. குழந்தை ஒரு விக்கல் விட்டாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு வீல் என்று கத்தினாள் பாருங்கள்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமே இல்லாமல் அழுதேன்.

சிவந்துவிட்ட மகளை நாத்தனாரின் மார்பில் கிடத்தினேன். கத்தல் நிற்கவேயில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன அண்ணி பாத்துக்கிட்டிருக்கீங்க? வாயை மூடிக்கிட்டுப் பாலைக் குடிடினு இவளையும் அதட்டுங்க."

"சும்மா இருடி" என்றேன். "அவ கத்தட்டும்."