திரும்பிப் பாக்காத ரோச்சு

என்ன மக்கா, எல்லாரும் சொகமா இருக்கியளா? இந்தப் பனிக்கு முட்டுவலி, சளின்னு ஒண்ணும் இல்லையே? இருந்தா சுக்கைத் தட்டிப் போட்டு குடிங்க. குடிச்சிக்கிட்டே இதைக் கேளுங்க.

எழுபத்தஞ்சு, எழுபத்தாறு வாக்குல தூத்துக்குடியில ஒரு மில்லுக்கு புட்பால் டீம் இருந்துச்சு. போற எடமெல்லாம் தோல்வி. கோல் அடிக்க ஆளு இல்ல. அதனால மில்லுல ஒரு வேலையைக் குடுத்து, நல்ல பார்வேர்டு ஒருத்தனை எடுக்கப்போறதாப் பேச்சு. வேலை ஒண்ணு, ஆளு ரெண்டு. காயல்பட்டணத்து ஹாமிது, நம்ம கடக்கரை ரோச்சு.

ரோச்சுக்கு அக்கா பிலோமி. மைதானத்துக்கு எதுத்தாப்ல ஆப்பக்கடை போட்டிருந்தா. தாய் தகப்பன் போனபெறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவ. அவன் சங்கு குளிக்கப் போறவன். ஆழத்துல முங்கி முங்கி ரெண்டு காதும் போயிட்டு. எதுக்க நின்னு பேசுனா வாயைப் பாத்தே பதில் சொல்லிருவான். முதுகுக்குப் பின்னால இடி விழுந்தாலும் தெரியாது. இது வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. மில்லு வேலை கெடச்சா தம்பி இனிமே கடல்ல முங்க வேண்டாம். அவளுக்கு வேண்டியது அம்புட்டுத்தான்.

காலையில ஆப்பம் திங்க வாரவுகளுக்கு இதே பேச்சுதான். ஆர்பர்ல கிளார்க்கா இருந்த பொன்னுதுரை அண்ணாச்சிக்கு மில்லு மேனேஜர் நல்ல பழக்கம். அவரு ரோச்சு கச்சி. லாரி ஓட்டுத காஜாவும் அப்படித்தான். ஹாமிது எங்க ஊருப் பயதான், தங்கமான பய, ஆனா எதுக்க எவனாவது வந்தா பந்தையும் குடுத்து வழியும் விட்டுருவாம்னு சொல்லிச் சிரிப்பான்.

ரெண்டு பேருல யாரை எடுக்கதுன்னு பாக்க மேனேஜரு ஒரு ஞாயித்துக்கெழம மேட்ச் வச்சாரு. அதுல ரெப்ரி விசில் ஊதியாச்சு. எல்லாரும் நின்னாச்சு. ரோச்சு மட்டும் பந்தைக் கொண்டுபோயி கோலுக்குள்ள அடிச்சான். நில்லுலேன்னு ஊரே கத்துது. திரும்பல. அண்ணாச்சி கோட்டுக்குப் பக்கத்துல நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. அதுக்கும் திரும்பல. மேனேஜரு பாத்துக்கிட்டே இருந்தாரு.

மறுநா அண்ணாச்சி கடைக்கு வந்தவரு ஆப்பத்தைத் தொடல.

"ஏளா பிலோமி, உன் தம்பிக்கு அப்படி என்னளா திமிரு? மேனேஜரு கேக்காரு. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் போயிப் பேசுதேன்."

பிலோமி மாவைக் கரண்டியில எடுத்தா. ஊத்தல. செவிடுன்னு சொன்னா வேலையும் போச்சு, நாளைக்கு அவனுக்கு ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டான். திமிருன்னா ரெண்டு ஏச்சோட போயிரும்னு நெனச்சா.

"அவன் அப்படித்தான் அண்ணாச்சி. சின்னதுலேயே யாரையும் மதிக்கமாட்டான்."

அண்ணாச்சி எந்திச்சுப் போயிட்டாரு. அந்த வாரமே ஹாமிதுக்கு வேலை. பெரியவுகளைக் கண்டா மரியாதையா சலாம் சொல்லுத பயன்னு மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். சேதி வந்தப்ப பிலோமிக்கு அழுகையும் வரல, கோவமும் வரல. சட்டி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மாவை ஊத்துனா.

டீம் மறுபடியும் தோத்துக்கிட்டேதான் இருந்துச்சு. மேனேஜருக்கு மூளை இருக்கான்னு அதே கடையில அதே ஆளுக பேசுதாவ.

"சலாம் சொன்னா பந்து வலைக்குள்ள போயிருமா அண்ணாச்சி?"ன்னான் காஜா.

திமிரு பிடிச்சவன்தாம்ல கோல் அடிப்பான், ரோச்சைத்தான் எடுத்திருக்கணும்னாரு அண்ணாச்சி. அடுத்த வருசம் நானே மேனேஜருகிட்ட நின்னு பேசுதேன்னாரு. அந்நேரம் பாத்து ரோச்சு சங்குப் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமா கரைக்குப் போறான்.

"ஏலே ரோச்சு, இங்கன வால." அண்ணாச்சி ரெண்டு தரம் கூப்பிட்டாரு.

அவன் பாட்டுக்குப் போயிட்டான்.

"பாத்தியாளா, இன்னும் கோவம் தீரல அவனுக்கு."

"ஆமா அண்ணாச்சி,"ன்னா பிலோமி. ஆப்பச்சட்டியை மூடி வச்சா.

நீங்க பிலோமி எடத்துல இருந்தா என்ன சொல்லிருப்பிய? உங்க வீட்லயும் இப்படி ஒண்ணை மறைக்கப்போயி இன்னொண்ணு ஆன கதை இருக்கும்லா. ரெண்டு வரி போதும், எழுதிப் போடுங்க மக்கா.