காலியாக நின்ற கார்னர்

வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக மேனேஜர் சொன்ன அன்று சுஹைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஓசூர் கம்பெனியில் அவள் பல வருடமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. எந்த நாளும் கேட்டில் நிறுத்தி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இப்போது குந்தாரப்பள்ளி கபடிப் போட்டியில் கம்பெனி டீமுக்கு ஆடினால் போதுமாம். கரும்பு தின்னக் கூலியா என்று ஹாஸ்டல் பெண்கள் கேலி செய்தார்கள்.

அவள் கொடுக்க வேண்டிய கூலி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதே போட்டியில் சொந்த ஊர் ஜவளகிரி டீமுக்கு ஆட வருவதாக, கேப்டன் மாதேஸ்வரியிடம் அவள் முன்பே போனில் சொல்லியிருந்தாள். தயங்கித் தயங்கி அதை மேனேஜரிடம் சொன்னாள்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டியாம்மா? வாயில சொன்னதுதானே. அதெல்லாம் ஒரு கணக்கா?"

நமக்கு வேண்டிய நியாயத்தை அடுத்தவர் எடுத்துக் கொடுத்தால் மனசு உடனே வாங்கிக்கொள்ளும். சுஹைனாவும் சரி என்றாள். அதையாவது மாதேஸ்வரிக்குச் சொல்லியிருக்கலாம். போனை எடுப்பாள், வைத்துவிடுவாள். மாதேஸ்வரியே கூப்பிட்டபோது மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும் என்பார்கள். வரவில்லை என்று சொல்ல மட்டும் அது புரளவில்லை.

முதல் ஆட்டமே ஜவளகிரியோடு. எதிரே ஏழு பேருக்குப் பதில் ஆறு பேர்தான் நின்றார்கள்.

"ஏன்க்கா ஆறு பேரு?" டாஸ் முடிந்து திரும்பிய மாதேஸ்வரியிடம் கேட்டுவிட்டாள்.

மாதேஸ்வரி அவளுடைய கம்பெனி ஜெர்சியைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பாரூர் ஸ்வாதி நான் வரன்னு ரெண்டு தரம் கேட்டா. அந்த எடம் சுஹைனாவுக்குன்னு சொல்லிட்டன், வேணாம்னுட்டன். டீமைக் கூப்பிட்டு விசில் ஊதற வரைக்கும் உன்னத்தான் பாத்துட்டிருந்தோம்."

ஜவளகிரி டீமில் ரைட் கார்னர், அதாவது தடுப்பு வரிசையின் வலது ஓரம், சுஹைனாவின் இடம். பக்கத்தில் நிற்கும் ஜெயப்ரியா அவள் கையைப் பிடித்தபடியே ஆடிப் பழகியவள். ரெய்டு போன சுஹைனா, ஜெயப்ரியாவின் வலது கை பழக்கதோஷத்தில் நீள்வதையும், பிடிக்க ஆளில்லாமல் மடங்குவதையும் பார்த்தாள். அந்தப் பக்கமாகவே புகுந்தாள், தொட்டாள், திரும்பினாள். மறுபடி அதே பக்கம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனாள். கம்பெனி டீம் சுலபமாக ஜெயித்தது.

மேனேஜர் ஓடிவந்து கை கொடுத்தார். "பிரமாதம்மா! அடுத்த மாசம் நீ பர்மனென்ட்."

"ஆர்டர் எப்ப சார் தருவீங்க?"

"என்னம்மா நீ? அதான் நானே வாயால சொல்லிட்டேனே!" என்று சிரித்தார்.

சுஹைனா எதிர்ப் பக்கம் காலியாகக் கிடந்த ரைட் கார்னரைத் திரும்பிப் பார்த்தாள். வாயால் சொன்னது எவ்வளவு பெறும் என்று அந்த மைதானத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.