மீனுக்கு எட்டாயிரம் வருஷம்

இரண்டாயிரத்தொன்பது வைகாசி. கோப்பன்ஹேகன் ஆய்வுகூடத்தில், இலங்கையிலிருந்து வந்து இருபது வருஷமான மங்கையற்கரசி, பால்டிக் கடல் கொட் மீனின் மரபணு வரிசையைக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். உப்புக் குறைந்த தண்ணீரிலும் முட்டை மிதக்கும்படி அந்த மீன் எட்டாயிரம் வருஷத்தில் மாறியிருந்தது.

நடுவில் அவளுடைய போன் அடித்தது. இலங்கை நம்பர். முந்தியென்றால் குளியலறையிலிருந்தும் ஓடிவந்து எடுப்பாள். இங்கே கூட்டத்தில் போன் எடுப்பது மரியாதையில்லை. பாழாய்ப்போன மரியாதை! போனை அமத்திவிட்டாள்.

அழைத்தது வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்த தம்பி. பிறகு அந்த நம்பர் வேலை செய்யவேயில்லை. சண்டை முடிந்தது, தம்பி செத்த செய்திதான் வந்தது.

ஆறுதலுக்கு ஏதாவது கதைக்க வேணுமே என்று புருஷன் மீனைப் பற்றிக் கேட்டார்.

"மாறுறதுக்கு எட்டாயிரம் வருஷம் எடுத்ததோ?"

"ஓம், மீனுக்கு. எனக்கு இருபது வருஷமே போதுமாயிருந்தது."