பதினெட்டாயிரம் அடி

1

“பொம்மை ஹெலிகாப்டர வச்சு மகன் சாவுக்கு நியாயம் கேக்கப் போறீகளா? மூளை கலங்கிப் போச்சா?”

“பொம்மைக்கும் நெசத்துக்கும் கணக்கு ஒண்ணுதான். நீ சும்மா இரு, மேரி.”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான்: 2003இல், திண்டுக்கல்லில், என் அடுப்படி ஜன்னல் வழியாக. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். ஜன்னல் அவர்கள் வீட்டைப் பார்த்து இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

2

ஸ்தனிஸ்லாஸ் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி ஆனந்தமேரி, மகள் அனிஷா. மகன் அமலன் சிரித்தால் தெருவே... (இல்லை. செத்தவர்களை எல்லோரும் சிரிக்கவைத்தே எழுதுகிறார்கள். அமலன் சிடுமூஞ்சி.) இமயமலைப் பக்கம் ரோடு போடும் வேலைக்குப் போனான். கூடவே தெருக்கோடி அழகுராஜாவும் போனான். பதினைந்தாயிரம் அடி உயரத்தில் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. ஹெலிகாப்டர் வந்தது. காற்று மெலிசாக இருக்கிறது, ஒருவரைத்தான் தூக்க முடியும் என்றார்கள். அழகுராஜா ஏறினான்.

[“முந்திக்கொண்டு ஏறினான்” என்று முதலில் எழுதியிருந்தேன். தெரு அப்படித்தான் பேசியது. தெரு என்றால் பெரும்பாலும் நான்.]

அன்றிலிருந்து வாத்தியார் பூசைக்குப் போவார், நன்மை மட்டும் வாங்க மாட்டார். நெஞ்சில் பகையோடு நற்கருணை வாங்கக் கூடாதல்லவா? ஊரே வரிசையில் நிற்க, அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். ஆனந்தமேரி வரிசையில் நின்று அழுவாள்.

3

பிழைத்து வந்த அழகுராஜா பிரவுசிங் சென்டர் வைத்தான். ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகும் சாப்ட்வேர் ஒன்று அவனிடம் இருந்தது. இடத்தின் உயரம், தூக்கும் எடை இரண்டையும் நாமே கொடுக்கலாம். உயரம் ஏற ஏற, விசிறி எவ்வளவு சுற்றினாலும் காற்று பிடி கொடுக்காது. இதை வாத்தியாரிடம் போய்ச் சொன்னவனும் அவனேதான்.

“சனிக்கெழம வாங்க சார். ரெண்டு பேர் எடையோட ஏறுச்சுன்னா, என்னய என்ன வேணாலும் செய்ங்க.”

“ஏறலைன்னா?”

“மறுநாளு கோயில்ல எந்திருச்சு நன்மை வாங்க வரிசையில நில்லுங்க சார். அம்மா அழுகுறாக.”

(இவன்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. குற்றமுள்ளவன் தானே போய்த் தராசை நீட்டுவானா? குற்றமில்லாதவனுக்குத் தராசு எதற்கு?)

4

வெள்ளிக்கிழமையே அனிஷா தனியாக அங்கே வந்துவிட்டாள். அழகுராஜா டீக்குப் போயிருந்தான். என் மகளுடைய ரிசல்ட் பார்க்க நான் பக்கத்துக் கேபினில் இருந்தேன். நடுத்தடுப்பு என் மூக்கு வரைக்கும்தான்.

பதினைந்தாயிரம் என்று போட்டாள். இரண்டு ஆள் எடைக்கு ஈடானதையும் போட்டாள். திரையில் ஹெலிகாப்டர் ஆடியது, சாய்ந்தது... ஏறிவிட்டது. மறுபடி இறக்கினாள். மறுபடியும் ஏறியது. மூன்றாவது தடவையும் ஏறியபோது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். இந்த விளையாட்டுச் சாமான் ஏறினால் அன்றைக்கு நிஜமும் ஏறியிருக்கும் என்று ஆகுமா? ஆகாது. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ‘கணக்கு ஒண்ணுதான்’ என்பவருக்கு யார் சொல்வது?

அவள் திரும்பாமலே என்னிடம் சொன்னாள்: “ரூபிக்கா, ரிசல்ட் பாத்தாச்சுல்ல? வீட்டுக்குப் போங்க.”

சனிக்கிழமையும் எனக்கு ரிசல்ட் பார்க்கிற வேலை இருந்தது. வாத்தியார் பக்கத்தில் உட்கார, ரிமோட்டை அனிஷாவே எடுத்துக்கொண்டாள்.

“உயரம் எம்புட்டுப் போட்ட?”

“பதினஞ்சாயிரம்ப்பா.”

திரையில் இருந்தது பதினெட்டாயிரம்.

றெக்கை வெட்டின கோழி மாதிரி அது தரையிலேயே துள்ளிக் கவிழ்ந்தது. “இன்னொரு தடவ,” என்றார் வாத்தியார். மறுபடியும் கவிழ்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை நெடுநேரம் பார்த்தார்.

“சரி. ஏறலை.”

அழகுராஜா குலுங்கிக் குலுங்கி அழுதான். மறுநாள் பூசையில் வாத்தியார் எழுந்து வரிசையில் நின்றார்.

5

முடிவு ஒன்று: அவர் எண்ணைப் பார்க்கவில்லை. கண்ணில் புரை.

முடிவு இரண்டு: பார்த்தார். நாற்பது வருடம் விடைத்தாளில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்தவர் அவர்.

முடிவு மூன்று: அனிஷா புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கையில் ஒரு சீட்டை வைத்தார். சிவப்பு மையில் 15,000 என்று... (இதை நான் பார்க்கவில்லை. எழுதிப் பார்த்தேன், நன்றாக வந்தது. அதனாலேயே வேண்டாம்.)

நடந்தது இவ்வளவுதான்: அனிஷா திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அழகுராஜா கீர்த்தனா என்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு நத்தத்துக்குக் கடையை மாற்றினான். அவன் கல்யாணத்தில் முதல் பந்தியில் வாத்தியார் சாப்பிட்டார். நான் வத்தலக்குண்டு வந்துவிட்டேன். இங்கே என் அடுப்படி ஜன்னல் ஒரு சுவரைப் பார்த்து இருக்கிறது.

பதினெட்டாயிரத்தை இதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் பார்த்தாரா இல்லையா என்று நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பக்கம் போனால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அவர் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிறார்.