வீட்டுக்குச் சொன்ன அரசி

அரசி தன்னைப் பற்றி ஃபோனில் வீட்டுக்குச் சொல்லிவந்த அந்த அரசி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வால்மெர் நகரத்து மாணவியர் விடுதியின் முப்பத்தொன்றாம் அறைக்கு வந்து சேர்ந்தாள். சாவி கையோடு இருந்ததால் கதவைத் தட்டவில்லை.

கட்டிலில் கிடந்த அரசிக்கு அன்றோடு காய்ச்சல் ஐந்து நாள். இருமினால் இடது விலாவில் குத்தியது. வந்தவளைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று தரம் வாய் வலிக்கத் தானே வர்ணித்த ஆளைத் தெரியாமல் போகுமா? கன்னத்தில் சதை, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, கழுத்துவரை பொத்தான் போட்ட மெரூன் ஸ்வெட்டர். அருப்புக்கோட்டையில் அங்கன்வாடி டீச்சராக இருக்கும் அம்மா கோமதி, “ஸ்வெட்டர் போட்டியா தாயி?” என்று கேட்கும்போதெல்லாம் “போட்டிருக்கேம்மா” என்று சொன்னாளே, அந்த ஸ்வெட்டர்தான். அரசியிடம் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அரசி பொருந்தத்தான் சொல்லியிருந்தாள். காலையில் முட்டை, மதியம் கீரை, பத்து மணிக்குத் தூக்கம். பொழுதுபோகாமல் சொன்ன பொய்யும் இல்லை. பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பாதே, அந்தக் குளிரைப் பிள்ளை தாங்காது என்று மாமாக்கள் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றபோது, “என் பிள்ளை தாங்கும்” என்று ஒற்றை ஆளாக நின்றவள் அம்மா. அந்த அம்மாவிடம் போய், தாங்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

நல்லவேளை, வீடியோ என்ற பேச்சே இரண்டு பக்கமும் எழவில்லை. தன் ஃபோனில் கேமரா கெட்டுவிட்டது என்று அரசி சொல்லிவைத்திருந்தாள். “வீடியோவெல்லாம் எதுக்கு, நெட்டு தீந்துபோகும்” என்று அம்மாவும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அரசிக்கு வசதியாகப் போயிற்று.

வந்த அரசி பையைத் திறந்து கீரைக்கட்டை எடுத்து வைத்தாள். லின்சி கீழே செருப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றாள். துணைக்கு யார் இருக்கா, யார் இருக்கா என்று அம்மா அரித்தெடுத்ததால் உண்டானவள் அந்தக் கோட்டயத்து லின்சி. அவளும் வந்தாள். இருவரும் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள். கட்டிலில் கிடப்பவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அந்த இருவருக்கும் எதுவும் வந்ததில்லை. வர அரசி விட்டதில்லை.

பதினொன்றரை மணி வகுப்புக்கு வந்த அரசியே போனாள். அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டாள். முதலில் கட்டிலில் கிடந்த இவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஏனோ படுக்கை கொள்ளவில்லை. புரண்டு படுத்தாள், எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து அட்டை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

புதன்கிழமை அம்மா அழைத்தபோது வந்த அரசிதான் ஃபோனை எடுத்தாள். நன்றாகப் பேசினாள். அம்மா சிரிப்பது கட்டில்வரை கேட்டது. இவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமினாள்.

“யாரு இருமுறது?” என்றாள் அம்மா.

“லின்சிதாம்மா. ஐஸ் கிரீம் தின்னா.”

லின்சி பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அரசி தட்டுத்தடுமாறி மருத்துவமனைக்குப் போனாள். ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசி என்ற மாணவி ஆரோக்கியமாக இருக்கிறாள், இந்த நேரத்தில் புள்ளியியல் வகுப்பில் இருக்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது. விடுதிக் காப்பாளரிடம் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்கள்.

காப்பாளர் மார்த்தா படிவத்தை எடுத்தார். அந்த ஊரில் இது வழக்கமாக நடப்பதுதான். போன வருஷம் ஒரு மாணவனுக்கு மூன்று பேர் வந்துவிட்டார்களாம். அப்பாவிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று, காதலியிடம் ஒன்று என்று சொல்லிவைத்திருக்கிறான். விதி சுலபமானது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டாரைத் திரையில் அழைப்பார்கள். அவர்கள் யாரைக் காட்டுகிறார்களோ அவளே மாணவி. பெயர், அறை, மருத்துவம் எல்லாம் அவளுக்கு. மற்றவள் அன்றே அறையைக் காலி செய்ய வேண்டும்.

மற்றவள் எங்கே போவாள் என்று அரசி கேட்டாள்.

“ரயில் நிலையத்துக்கு. அங்கே ஒரு பெஞ்சு ஒதுக்கியிருக்கிறோம்” என்றார் மார்த்தா.

அன்று சாயங்காலம் முழுக்க அரசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஸ்வெட்டர்காரியைத்தான். இவளைப் பற்றி அம்மா கேள்விப்பட்டதுகூட இல்லையே. இவளே அம்மாவாக இருந்தாலும் கன்னத்தில் சதை உள்ளவளைத்தான் காட்டியிருப்பாள். பெற்றவள் வாயாலேயே பெஞ்சுக்குப் போகப்போகிறாள். இரண்டு தரம் ஃபோனைக் கையில் எடுத்தாள், நம்பரைப் பார்த்தாள், வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் மார்த்தாவின் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். திரையில் அம்மா வந்தாள். தலைக்குப் பூ வைத்து, இஸ்திரி போட்ட சேலை கட்டி, அடுக்களையில் நிமிர்ந்து நின்றாள். மார்த்தா விஷயத்தைச் சொல்ல, வந்த அரசியே அதைத் தமிழில் எடுத்துச் சொன்னாள். தப்பில்லாமல்தான் சொன்னாள்.

அம்மா இரண்டு முகத்தையும் பார்த்தாள். வந்த அரசி சிரித்தாள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, அடுக்களைக்குப் பின்னால் எங்கிருந்தோ, தீனமாக ஒரு குரல் வந்தது.

“புதன்கிழமை தலகாணிக்குள்ள இருமுனது யாரு? அவதான் என் பிள்ள.”

திரையில் நின்ற அம்மாவின் வாய் அசையவில்லை.

அரசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அடுக்களை வாசலைத் தாண்டி, உள்ளறைக் கட்டிலில் இன்னொரு அம்மா படுத்திருந்தாள். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. கழுத்தெலும்பு தெரிந்தது. பக்கத்து ஸ்டூலில் பாதி குடித்த கஞ்சி ஆறிக் கிடந்தது. எனக்கென்ன தாயி, கல்லு மாதிரி இருக்கேன் என்று வாரம் மூன்று தரம் அம்மா சொன்னதெல்லாம் அடுக்களையில் பூ வைத்துக்கொண்டு நின்றது.

“அம்மா,” என்றாள் அரசி, “போனை உள்ள படுத்திருக்கவங்ககிட்ட குடுங்க.”

நின்றவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரை ஆடி, ஒரு தரம் உத்தரத்தைக் காட்டி, மெலிந்த முகத்தில் வந்து நின்றது.

“சாப்ட்டியா தாயி?”

“இல்லம்மா. நீ?”

“நானும் இல்ல.”

இருவரும் அழுதார்கள். மார்த்தா படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். வந்த அரசி அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்வெட்டரின் மேல் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் லின்சி காத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் ரயில் நிலையத்தின் வழியாகத்தான் போனது. அரசி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அந்த பெஞ்சில் தலைக்குப் பூ வைத்த அம்மா முன்னாலேயே வந்து உட்கார்ந்து, டிபன் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருந்தாள். லின்சிக்கும் ஸ்வெட்டர்காரிக்கும் இடம்விட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.