முப்பத்திரண்டு ஓட்டைகள்

போகோட்டாவில் எங்கள் ஆய்வகம் முழுக்கக் கல்லில் பதிந்த இலைகள். நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டியெடுத்தவை. ஆறு கோடி வருடப் பழசு. பூச்சிகள் அவற்றைக் கடித்த விதம் காலப்போக்கில் எப்படி மாறியது என்பதுதான் என் பட்ட ஆய்வு.

உயிருள்ள இலையைக் கடித்தால் காயத்தின் ஓரம் தடித்துக் கறுக்கும். கல்லிலும் அது தெரியும். என் வழிகாட்டி டாக்டர் கைசெடோ கண்டுபிடித்த புதிய கடிக்கு அந்தக் கறுத்த ஓரமே இல்லை. முப்பத்திரண்டு இலைகளில் வட்ட வட்டமாக ஓட்டைகள். இலை சுதாரிப்பதற்குள் கடித்துவிட்டுப் போன அதிவேகப் பூச்சி என்று மாநாட்டில் பேசினார். கைதட்டினார்கள். பூச்சியின் படமும் காட்டினார், மீசையோடு வரைந்திருந்தார்கள்.

எனக்கு உறுத்தியது. கேட்கக் கூச்சம்.

செவ்வாய்க்கிழமை காலை, இலைகளைச் சுத்தம் செய்யும் நெபோவுக்குக் காப்பி கொண்டுபோனேன். பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் ஊசி ஒன்றால் அவர் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஊசி சட்டென உள்ளே இறங்கியது. இலையில் வட்டமாக ஓர் ஓட்டை.

"அண்ணே, இது..."

"அடிக்கடி ஆகும்மா. கல்லு அவ்வளவு மெத்து."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"கேட்டாத்தானே சொல்ல."

ஊசிமுனையை அளந்தேன். டாக்டரின் பூச்சி போட்ட ஓட்டையின் அதே அளவு. அந்த முப்பத்திரண்டையும் சேர்த்து என் ஆய்வில் இருந்தவை நாற்பத்தொரு இலைகள். டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அவரிடம் மெல்லச் சொன்னேன். "சத்தமா சொல்லு" என்றார். மூன்றாவது முறை ஆய்வகமே கேட்டது.

"ஊசிக்கும் பூச்சிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா, யெசெனியா?"

"ஓரம் இல்லையே, டாக்டர்."

"அதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் எத்தனை?"

"ஒம்போது."

"ஒம்போது இலையில தமால் கொழுக்கட்டை கட்டி அவிக்கலாம். பட்டம் வாங்க முடியாது."

பின்னாலிருந்து நெபோ உதவிக்கு வந்தார். "பழைய ஊசியும் இருக்கு டாக்டர். அது கொஞ்சம் பெரிய ஓட்டை போடும்."

டாக்டரின் கட்டுரையில் சிறிய ஓட்டை ஆண் பூச்சியுடையது, பெரியது பெண்ணுடையது.

வெள்ளிக்கிழமை ஒன்பது இலைகளோடு ஆய்வைக் கொடுத்தேன். டாக்டர் பேனாவை மூடினார். "அடுத்த வருஷம் பாக்கலாம்."

நெபோவை விதைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். விதை துளைக்கும் வண்டு ஒன்று அங்கே சீக்கிரம் அகப்படும் என்று டாக்டர் நம்புகிறார். என் இலைகளை இப்போது நானே சுத்தம் செய்கிறேன், மெல்லிய தூரிகையால், ஒரு நாளில் ஒன்றோ இரண்டோ. இதுவரை புதிதாகப் பதினொன்று சேர்ந்திருக்கின்றன.