சுல்பிகா டீச்சரின் வளவு இரவு

கல்முனைக்குடியில் சுல்பிகா டீச்சரின் வளவுக்குள் மட்டும் பின்னேரம் நாலு மணிக்கு இரவாகும். ஐந்தரைக்கு மறுபடி வெயில் அடிக்கும். வேலிக்கு அங்கால் கருவாடு காய்ந்துகொண்டிருக்க, இங்கால் கோழிகள் கூட்டுக்குள் ஏறிவிடும். எல்லாம் ஒரு பேரத்தில் வந்தது. தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கி, பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வானியல் படிப்பிக்க டீச்சர் வீடுவீடாக ஏறி இறங்கினார். "பரீட்சையில வராத பாடத்துக்கு, குமர்ப்பிள்ளையள பொழுதுபட்டு மஃரிபுக்குப் பொறகு அனுப்பேலாது" என்று தாய்மார் ஒரே விலையில் நின்றார்கள். எட்டு மணி கேட்ட டீச்சர் ஏழுக்கு இறங்கினார், ஆறுக்கு இறங்கினார், கடைசியில் நாலுக்குச் சம்மதித்தார். அடுத்த நாள் வானமும் சம்மதித்தது. பிள்ளைகள் வந்து சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டுப் பகலோடு வீடு போனார்கள். இரண்டொரு வருசத்தில் ஊருக்கு அது பழகிப்போனது.

பிறகொரு நோன்பு மாதத்தில்தான் வில்லங்கம். டீச்சரின் கணவர், புடவைக்கடை நிப்றாஸ், பசியோடு வளவுக்குள் நுழைந்தார், நட்சத்திரங்களைக் கண்டார், பிஸ்மி சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். மறுநாள் வேலியோரம் பாதித் தெரு நோன்பு திறக்கும் கஞ்சிக் கோப்பையோடு நின்றது.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் முகைதீன்பாவா வந்தார். நெல் வியாபாரி, மூட்டைக்குள் கைவிட்டு அளையாமல் எதையும் வாங்காதவர். வேலிக்கு மேலால் கையை நீட்டி இரவையும் அளைந்தார். சட்டைக்கை பனியில் நனைந்தது.

"சாமான் அசல்தான். அதான் பிரச்சின. வகுப்ப நிப்பாட்டு தங்கச்சி."

"நோன்பு முடியும் மட்டுமா, காக்கா?"

"ஒரேயடியா."

ஒருதரம் மறித்த பிள்ளையைத் தாய்மார் திரும்ப அனுப்பமாட்டார்கள், தையலுக்குத்தான் விடுவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். இந்தமுறை அவர் இறங்கவில்லை.

"சாப்பிடுற ஆள் ஒருத்தரும் உள்ளுக்கு வராது காக்கா. முதல்ல எண்ட மனிசனையே வெளியில போட்டுட்டன். வீடு எண்ட சீதனம். எனக்கு ஏலும்."

மரைக்கார் தெருவைப் பார்த்தார். அந்தத் தெரு ஆண்கள் எல்லாரையும் போல அவரும் பெண்சாதியின் வீட்டில் இருப்பவர். அந்தச் சட்டத்தை அவருக்கு விளக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கி அறிவித்தது: சுல்பிகா டீச்சரின் வளவு இரவு பாடத்துக்குச் செல்லும், நோன்புக்குச் செல்லாது. நிப்றாஸ் அந்த நோன்பைப் பிறகு இன்னொரு நாள் பிடித்துக் கழாச் செய்தார். பின்னேரங்களில் கடையிலேயே இருக்கிறார். வியாபாரம் கொஞ்சம் கூடியிருப்பதாகக் கேள்வி.

பள்ளிவாசலே அறிவித்த பாடம் என்று இப்போது நற்பிட்டிமுனையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். டோர்ச்சைக் கையில் கொடுத்து அனுப்பும் தாய்மார் வாசலில் நின்று சத்தம் வைப்பார்கள்:

"நேரத்தோட வந்துருங்க மகள், இருட்ட முன்னுக்கு."